பால் நிற்கும் வரை

"பார்த்துட்டா அப்புறம்" என்று வைத்திலிங்கம் பெரியப்பா ஆரம்பித்தார், நடுவில் ஏதோ சொன்னார், "அவ்வளவுதாண்டா" என்று முடித்தார். அந்த நடு மட்டும் இருபத்தொரு வருஷமாகப் பரஞ்சோதிக்கு அகப்படவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நினைவிருந்தது, பினாயில் வாடை, சுவரோரம் போட்டிருந்த மர பெஞ்சு, பெரியப்பாவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கண்ணாடிக் கூடு, எல்லாம் இருந்தது. பேச்சின் நடு மட்டும் இல்லை. பார்த்துட்டா அப்புறம் மறக்க முடியாது என்றாரா, தாங்க மாட்டாள் என்றாரா, வேறு ஏதாவதா? உறையூர் வீட்டு மொட்டை மாடியில், காலை ஒன்பதே முக்காலுக்கு, கையில் வெட்டுக்கத்தரியோடு நிற்கும்போது அந்தக் குரல் ஏன் வர வேண்டும்? பால் வந்ததுதான் காரணம். இச்சி மரத்தின் கிளையை வெட்டி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முழங்கை நீளம்கூட இல்லாத தொட்டி மரம், ஆலமரத்து வகையறா, அந்த உயரத்திலேயே இரண்டு விழுதுகூட விட்டிருக்கிறது. அதன் இடது தோளிலிருந்து பெருவிரல் பருமனில் ஒரு கிளை வேண்டாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, அதைத்தான் வெட்டினான். வெட்டின வட்டத்தின் நடுக்கட்டை வெளுப்பாக, தனக்கு ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது. பட்டையும் கட்டையும் சேரும் வளையத்தில்தான் பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது, பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, கனத்தன, தண்டின்மேல் ஒரு கோடாக இறங்க ஆரம்பித்தன. அவன் துடைக்கவில்லை. துடைக்கலாமா என்றும் தெரியவில்லை.

குழலி இருந்தால் தெரியும். மரங்கள் அவளுடையவை. மட்டுவார்குழலி என்று மலைக்கோட்டை அம்மன் பெயரை வைத்து, அது யார் வாயிலும் நுழையாமல் குழலியாகிவிட்டது. பெர்த்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, போகும்போதே எட்டு வயசாகியிருந்த மகன் வளர்ந்து அங்கேயே தங்கிக்கொள்ள, இவர்கள் இருவரும் திரும்பி வந்து ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் பதினான்கு தொட்டி. பதினைந்து நாளைக்கு முன்னால் இதே மாடியில் பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டுக்கு வெளியே நான்கு விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும், அது பிறவியிலேயே அப்படி. இன்று கட்டைப் பார்க்க டாக்டரிடம் போயிருக்கிறாள். நானும் வருகிறேன் என்றான். "நீங்க வந்தா மாவு எத்தன மில்லிமீட்டர் பூசணும்னு அந்த டாக்டருக்கே கிளாஸ் எடுப்பீங்க. வேணாம். ஜமால் பாய் ஆட்டோ இருக்கு, பதினோரு மணிக்குள்ள வந்துடுவேன். நீங்க இச்சிய முடிச்சு வைங்க" என்றாள். படியில் இரண்டு இறங்கி நின்று, திரும்பாமலேயே, "வெட்டின எடத்துல பசை பூசறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. டப்பா ஜன்னல்ல இருக்கு" என்றாள். "நீ என்ன சொல்றே?" "நான் ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவயாவது நீங்க சொல்லுங்க." இந்தத் தடவையாவது. அப்படித்தான் சொன்னாளா, இந்தத் தடவை என்று மட்டும் சொன்னாளா? யாவது இருந்ததா? இருந்தது. அந்தப் புளிய மரத்துத் தொட்டியைத்தான் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தான். புளியைத்தான் சொல்லியிருப்பாள். வேறு எதைச் சொல்ல?

பசைக்கு நேரம் இருக்கிறது. பால் நின்று, வெட்டின ஓரம் காய்வதற்குள் பூச வேண்டும், அரை மணிக்குள் என்பது அருளானந்து சார் கணக்கு. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடுகிற போன்சாய்க்காரர்களில் அவர்தான் மூடும் கட்சிக்குத் தலைவர். "தொறந்து போட்டா மழத்தண்ணி எறங்கும், எறும்பு குடித்தனம் வந்துரும். பொன்மலை ஒர்க்‌ஷாப்புல முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சவன் சொல்றேன், மூடுங்கம்மா." தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஹேமலதா மேடம் விடமாட்டார். "சார், ரயிலுக்கு உசுரு கெடயாது." "அத ரயிலுக்கு அடியில நின்னு சொல்லிப் பாருங்க மேடம்." எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் மஞ்சள்தூளை ஃபெவிகாலில் குழைக்கிற கட்சி ஒன்று, மெழுகு உருக்கி ஊற்றுகிற கட்சி ஒன்று. ஹேமலதா மேடம் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்: "மரத்துக்குப் புண்ணு ஆறுறதே இல்லைங்க. நம்ம தோல் மாதிரி அந்த எடத்துல புதுசா வராது. அடிபட்ட எடத்தச் சுத்தி உள்ளுக்குள்ளயே சுவர் எழுப்பி, அத ஒதுக்கி வெச்சுட்டு, அதுக்கு மேல வளந்துடும். அம்பது வருஷம் கழிச்சு அறுத்துப் பாத்தாலும் அந்த வெட்டு அங்கதான் இருக்கும். பசை உங்க கண்ணுக்கு, மரத்துக்கு இல்ல." குழலி கூட்டத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். அன்றைக்கு அதை எழுதவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், வீட்டு வாசலில் மட்டும், "அம்பது வருஷமாம்" என்றாள். "ஆமா, ஆச்சரியமா இருக்குல்ல" என்றான் அவன். ஆச்சரியமா இருக்குல்ல. என்ன பதில் அது.

புளி விஷயத்தில் தப்பு அவனுடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை நடுவில், குழலி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, புளியின் பழைய வெட்டு ஒன்று திறந்து கிடப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, உதவி செய்வதாக நினைத்து, பசையை எடுத்து அப்பினான். நன்றாக அப்பினான். அதுதானே அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை? பெர்த்தில் பதினைந்து வருஷமும் அவன் செய்தது எண்ணெய்க் குழாய்களுக்குத் துரு ஏறாமல் பூச்சுப் பூசுவது, பூச்சு நிற்குமா என்று தட்டிப் பார்ப்பது. ஈரத்தின்மேல் பூசக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுப்பான்: மேலே பளபளப்பாக இருக்கும், அதுதான் ஆபத்து, உள்ளே தின்றுகொண்டே போகும், குழாய் வெடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். அத்தனையும் தெரிந்தவன் மழையில் நனைந்த கட்டையின்மேல் பசையை அப்பினான், மரம்தானே என்று. அழகாக மூடியது. பட்டை நாலாபக்கமும் உருண்டு வந்து உதடு மாதிரி சேர்ந்துகொண்டது, வருகிறவர்களெல்லாம் எங்கே வெட்டினீர்கள் என்று தேடினார்கள். போன பங்குனியில் தொட்டி மாற்றும்போது குழலி அந்த இடத்தில் ஏதோ சந்தேகப்பட்டு ஒரு மூங்கில் குச்சியால் குத்தினாள். குச்சி முழுசாக உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது கருப்பாக, ஈரமாக, காபித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் திட்டவில்லை. குச்சியை அவனிடம் நீட்டி, "மோந்து பாருங்க" என்றாள். மோந்தான். மழைக்கு மறுநாள் ஆற்றங்கரையில் வருகிற வாடை.

அந்த வாடையிலிருந்து மனசு நேராகக் குடமுருட்டி ஆற்றுக்குப் போகும் என்று தெரியும், அதனால் போகவிடாமல் பாலைப் பார்த்தான். கோடு தொட்டி விளிம்பை எட்டிவிட்டது. இவ்வளவு வருமா ஒரு சின்ன மரத்திலிருந்து? குடிக்க யாரும் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும். சீ. மரத்துப் பாலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? புண்ணை மூடுவதற்கு வருகிற பிசின் இது, பால் என்பது நாமாக வைத்த பேர். ஆனால் நினைப்பு ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. பிரசவமாகி மூன்றாம் நாள் பெரியம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, குழலிக்குப் பால் கட்டிக்கிட்டு நெருப்பா கொதிக்குது. மார்க்கெட்டுக்குப் போயி மல்லிப்பூ வாங்கியா. கட்டினது வேணாம், உதிரி. ரெண்டு கிலோவா வாங்கு" என்றாள். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் மாறி மாறிப் படித்தவனுக்கு இரண்டிலும் யாரும் சொல்லித் தராத பாடம். பூக்கடைக்காரர் நிறுத்துக்கொண்டே, "ரெண்டு கிலோ உதிரியா, வீட்ல என்ன விசேஷம் சார்?" என்றார். "ஆமா" என்றான். என்ன விசேஷம் என்றதற்கு ஆமா. பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றிவிடும். கட்டினார்கள். அந்த அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. அவள் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தார்கள், நாலு நாளில் நின்றுவிட்டது. "பொழச்சோம், நின்னு போச்சு" என்றாள் பெரியம்மா. அதற்குப் பிறகு குழலி மல்லிகை வைத்துக்கொண்டதில்லை. யாராவது கொடுத்தால் வாங்கி, தலைவலி என்று சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். ஒருநாளும் அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள்.

ஒன்பதாம் மாசம் அது. சுகப் பிரசவமானால் தாயுமானவருக்கு வாழைத்தார் வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம், "நேத்துலேர்ந்து அசையவே இல்லங்க" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், உங்களை மாதிரியே தூங்குமூஞ்சி என்றாள். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. டாக்டர் காகிதத்தில் ஒரு இங்கிலீஷ் சொல்லை எழுதினார். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் யாரும் சொல்லவில்லை, "அது" என்றும் "அப்போ" என்றும் "அந்த வருஷம்" என்றும் சொல்லிக்கொண்டார்கள். மயக்கத்தில் இருந்தாள். அவள் கண் விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெரியப்பா முடிவு பண்ணினார், எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் என்றார், தாய்க்குக் காட்டுகிற வழக்கம் இல்லை. அப்போதுதான் அதைச் சொன்னார், பார்த்துட்டா அப்புறம். ஆனால் யாராவது தூக்க வேண்டுமே. பெரியப்பா ஸ்கூட்டரை ஓட்டினார், அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான், மடியில் ஆஸ்பத்திரி வெள்ளைத் துண்டு. ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டான், அதற்கு அதிர்ந்துவிடக் கூடாது என்று. குடமுருட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையில் ஒரு புங்க மரம். குழி தோண்டுகிற ஆள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, "அப்பாவா? மூஞ்சியப் பாத்துருங்க சாமி" என்றார். பெரியப்பா வேண்டாம் என்பதற்குள் துண்டை விலக்கிவிட்டான். பெண் குழந்தை. தலை நிறைய முடி, நெற்றியில் ஒட்டிக்கொண்டு. வலது கை துண்டுக்கு வெளியே வந்தது, எல்லா விரலும் மூடியிருந்தன, சுண்டுவிரல் மட்டும் மூட முடியாமல் வளைந்து தனியாக நின்றது.

திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் குழாயில் கை கழுவினான். நக இடுக்கில் மண் போகவில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் அவள் கட்டில் பக்கத்தில் நின்றான். "என்ன கொழந்த?" என்றாள். "பொண்ணும்மா, அதெல்லாம் இப்ப நெனைக்காத" என்று பெரியம்மா முந்திக்கொண்டாள். குழலி பெரியம்மாவைப் பார்க்கவே இல்லை. "நீங்க பாத்தீங்களா?" என்றாள் அவனை. இரண்டு வார்த்தை. அவன் இல்லை என்றான். "இல்ல. பெரியப்பாதான் எல்லாம் பாத்துக்கிட்டார்." அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். ஏன் இல்லை என்றான்? பார்த்தேன் என்றால் எப்படி இருந்தது என்று கேட்பாள், முடி இருந்ததா என்பாள், யார் ஜாடை என்பாள், விரல் வரைக்கும் சொல்ல வேண்டிவரும். நல்லதுக்குத்தான் செய்தான். புளிக்குப் பசை அப்பினதும் நல்லதுக்குத்தான். அவனும் பார்க்கவில்லை என்றால் அந்தக் குழந்தையை அவள் பக்கத்து ஆள் ஒருவரும் பார்க்கவில்லை என்று ஆகிறது. முகமே இல்லாத ஒன்றாக இருபத்தொரு வருஷம் அவளுக்குள் வைத்துவிட்டான். தொட்டி வைத்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா படுக்கையில் விழுந்தபின் பெர்த்துக்குப் போன் வந்தது, குரலே இல்லை, காற்றுதான். "டேய் பரஞ்சோதி. அந்த எடத்த குழலிக்குக் காமிச்சியாடா?" "காமிச்சிட்டேன் பெரியப்பா." "அப்ப சரி. அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு." சாகப்போகிறவரிடம் சொன்ன பொய்க்கு என்ன பூச்சு. அவர் சொன்னது சட்டமாக்கும் என்று இவன் கட்டிக்காக்க, சொன்னவரே அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். நடுப்பேச்சு என்னவாக இருந்தால்தான் என்ன இனிமேல்?

தெளிப்பானை எடுத்து வெட்டின இடத்தில் தண்ணீர் அடித்தான். ஹேமலதா மேடம் சொன்ன உபாயம், தண்ணீர் பட்டால் பால் உறைந்து நின்றுவிடும். நின்றது. இலேசான ஏடு ஒன்று வளையத்தில் படிந்தது. ஜன்னலிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான், சாம்பல் நிறப் பசை, மேலே போனமுறை எடுத்தவரின் விரல் தடம், அது அவன் விரல்தான். கொஞ்சம் கிள்ளி உருட்டினான். உருட்ட உருட்டப் பதமாக வந்தது, கை தானாகச் செய்தது, எத்தனை வருஷப் பழக்கம். பூசினால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இச்சிக்கு ஒன்றும் ஆகாது, இப்போது வெயில் இருக்கிறது, கட்டைக்குள் மழை ஈரமில்லை, மேலே அடித்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பூசினால் தப்பே இல்லை, அருளானந்து சார் மெச்சுவார். பூசாவிட்டாலும் இச்சி பிழைத்துக்கொள்ளும், பாலே போதும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் அவள் ஏன் கேட்டாள்? போன வாரம் கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் குடமுருட்டிப் பாலம் ஏறும்போது, அத்தனை வருஷமும் அந்தப் பாலத்தில் வாயே திறக்காதவள், மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றாள். அவனுக்குப் புரிந்தது. புரிந்த அந்தக் கணத்திலேயே, "எது?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றாள். புங்க மரம் ஜன்னலில் வந்து, பூத்து நின்று, போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, பாலத்தருகே என்பதுவரை பெரியம்மா சொல்லித் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாதே. சொன்னால் என்ன ஆகும்? நீங்க பாத்தீங்களா என்று மறுபடி கேட்பாள். பார்த்தேன் என்று சொன்னால், இருபத்தொரு வருஷமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தாயே என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையோடு அப்புறம் எத்தனை வருஷம் இந்த வீட்டில் குடியிருக்க வேண்டுமோ. போய்விடுவாளோ? போகமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாளோ? அதைச் செய்யக்கூடியவள்தான். சொல்லாவிட்டால் அவள் இனிமேல் கேட்கமாட்டாள், அதுவும் தெரியும். இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இந்தத் தடவயாவது என்றாளே, அதைச் சேர்த்தால் மூன்று. உருட்டின பசை விரலின் சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டது. ஏட்டின் ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பால் மறுபடி துளிர்த்தது, கடுகளவு, அப்படியே நின்றது. கீழே தெருவில் ஜமால் பாய் ஆட்டோ திரும்புகிற சத்தம். வாசலில் நின்று இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்து எறங்குங்கம்மா, அவசரமில்ல" என்றது ஜமால் பாய் குரல். "கட்டு நல்லா இருக்காம் பாய், இன்னும் மூணு வாரமாம்" என்று குழலி சொல்வதும், அப்புறம் மாடியை நோக்கி, "என்னங்க, பூசிட்டீங்களா?" என்பதும் கேட்டது.

பரஞ்சோதி உருட்டின பசையை டப்பாவிலேயே போட்டு மூடி ஜன்னலில் வைத்தான். கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, ஆட்டோவை அனுப்ப வேண்டாம், பாலத்துக்கு இந்தப் பக்கம்தான், நான் பார்த்தேன், இரண்டு பேருமாகப் போகலாம் என்று கீழே சொன்னான்.